குற்றாலத்து ரசிகரும் கொட்டகை ரசிகர்களும்

நடராசப் பெருமானுக்கு ஐந்து சபைகள் உண்டென்பது சைவ மரபு. சிதம்பரத்தில் பொன்னம்பலம், மதுரையில் வெள்ளியம்பலம், திருவாலங்காட்டில் இரத்தின சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. மற்ற நான்கு இடங்களிலும் திருமேனியாக ஆடுகிற கூத்தன் குற்றாலத்தில் மட்டும் ஓவியமாக இருக்கிறான். சுவரில் தீட்டிய படமே இங்கு மூலவர். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களில் பலர் இந்தச் சபையை எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் சற்று நேரம் அண்ணாந்து நின்று, பக்கத்தில் நிற்பவரிடம் ஏதேனும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'மூக்கு அழிந்துவிட்டது', 'இந்த நிறம் இப்போதெல்லாம் கிடைக்காது', 'நம்ம ஊர் ஆள் மாதிரியே வரைந்திருக்கிறான்.' இப்படிச் சொல்லப்படும் சொற்கள் அங்கேயே காற்றில் கரைந்துவிடுகின்றன. யாரும் அவற்றை எழுதி வைப்பதில்லை.

இக்கட்டுரை, அப்படிக் கரைந்துபோகிற சொற்களைப் பற்றியது. படம் பார்த்தவன் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லும் அபிப்பிராயத்துக்கு வரலாற்றில் இடம் உண்டா? இலக்கியம் பயின்றவர்கள் பொதுவாக இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நானும் நெடுங்காலம் கேட்கவில்லை. கேட்கத் தவறியதனால் நான் இழந்தது என்ன என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

'ரசிகர்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்க்கைகள் இருந்திருக்கின்றன. ஒன்று 'ரசிகமணி' என்ற பட்டத்தில் இருப்பது. மற்றொன்று 'ரசிகர் மன்றம்' என்ற பலகையில் இருப்பது. முதலாவது தென்காசி, குற்றாலம் பகுதியோடு பிரிக்க முடியாதபடி இணைந்தது. இரண்டாவது தமிழ்நாட்டின் எல்லாத் தெருமுனைகளுக்கும் உரியது. ஒரே சொல் இவ்வளவு தூரம் எப்படிப் பயணம் செய்தது என்பதைப் பின்தொடர்ந்து பார்ப்பது பயனுள்ளது என்று தோன்றுகிறது.

*

டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் பிறந்தார். தென்காசிக் குடும்பம். சட்டம் படித்துத் திருநெல்வேலியில் வழக்கறிஞர் ஆனார்; சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தார்; அறநிலையத் துறையில் ஆணையர் பதவியும் வகித்தார். ஆனால் தமிழுலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இவற்றுக்காக அல்ல. நெல்லையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசிய 'வட்டத்தொட்டி'க்காகவும், பின்னாளில் குற்றாலத்தில் குடியேறி, 1954 பிப்ரவரியில் மறையும்வரை அங்கே நடத்திய நீண்ட உரையாடலுக்காகவும்தான். ராஜாஜியும் கல்கியும் அந்த வீட்டைத் தேடி வந்தவர்கள். பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகாராஜன், பிற்காலத்தில் கி. ராஜநாராயணன் என்று அந்த வட்டம் விரிந்தது.

டி.கே.சி. செய்தது என்ன? பாட்டைப் படித்துக் காட்டினார். ஒருமுறை அல்ல, இருமுறை, மும்முறை. ஒரு சொல்லில் நின்று, திரும்பி வந்து, மறுபடியும் தொடங்கி, கேட்பவர் முகத்தில் அது விழுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போவார் என்று அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உரையாசிரியர் மேற்கோளும் இலக்கண விதியும் அவருக்கு இரண்டாம் பட்சம். செவியும் இதயமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவை ஒப்பாவிட்டால் ஆயிரம் ஏட்டுச் சான்றுகள் இருந்தாலும் அது கவிதை ஆகாது. இதுதான் அவருடைய அளவுகோல்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கம்பராமாயணத்துக்குள் புகுந்தார். கம்பன் பாடியிருக்க மாட்டான் என்று தம் காதுக்குப் பட்ட பாடல்களை ஆயிரக்கணக்கில் ஒதுக்கினார். சில இடங்களில் பாடத்தையே திருத்தினார். பதிப்பறிஞர்கள் கொதித்தது நியாயமே. சுவடி ஒப்பீடு என்ற கறாரான முறை ஒன்று இருக்கும்போது, ஒரு மனிதரின் ரசனை எப்படிப் பாடபேதத்தைத் தீர்மானிக்கலாம்? இன்று வகுப்பில் பாடம் நடத்தும்போது நானும் பதிப்பறிஞர்கள் பக்கமே நிற்கிறேன். டி.கே.சி.யின் திருத்தங்களை ஆதாரமாகக் கொண்டு கம்பனைப் பற்றி எவரும் ஆய்வு செய்ய இயலாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்பனைப் பண்டிதர் வீட்டுப் பேழையிலிருந்து எடுத்து, தமிழாசிரியர் அல்லாதவர்களும் படித்து மகிழலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர் அவர். வக்கீல், வியாபாரி, தாசில்தார், விவசாயி என்று யாரும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து 'இது எனக்குப் பிடித்திருக்கிறது, இன்ன காரணத்தால் பிடித்திருக்கிறது' என்று சொல்லலாம் என்றாயிற்று. அபிப்பிராயம் சொல்லும் உரிமை பட்டத்திலிருந்து வரவில்லை. பாட்டை எதிரில் வைத்துக்கொண்டு பேசுவதிலிருந்து வந்தது. எதிரில் இருப்பவர் மறுத்தால் பாட்டை மறுபடியும் படித்துக் காட்ட வேண்டும். அந்தக் கட்டாயம்தான் வட்டத்தொட்டியை வெறும் வம்பளப்பிலிருந்து பிரித்தது.

*

இந்த ரசனை மரபு சினிமாவுக்குள் நுழைந்த வாசல், டி.கே.சி.யின் நண்பர் கல்கி. ரா. கிருஷ்ணமூர்த்தி 1930களில் ஆனந்த விகடனின் ஆசிரியர் பொறுப்பில் இருந்தபோது 'ஆடல் பாடல்' என்ற பகுதியை 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதினார். கச்சேரி, நாடகம், பேசும்படம் மூன்றும் அதில் அடிபட்டன. அடிபட்டன என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன்.

தமிழின் முதல் பேசும்படம் என்று சொல்லப்படும் காளிதாஸ் வெளிவந்தது 1931 அக்டோபரில். அதற்கடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்கள் பெரும்பாலும் மேடை நாடகங்களைக் காமிராவுக்கு முன் நிறுத்தியவைதான். ஒரு படத்தில் முப்பது, நாற்பது பாடல்கள் இருப்பது சாதாரணம். அந்தச் சூழலில் 1935இல் பக்த நந்தனார் வந்தது. கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். அவருக்குக் கொடுக்கப்பட்ட சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று நாடெங்கும் பேச்சு. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விஸ்வநாதையர். இத்தனை ஆரவாரத்தோடு வந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கல்கி எழுதிய விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும்தான் என்ற தொனியில் அவர் அதைத் தீர்த்துக் கட்டினார்.

இந்த விமர்சனத்தில் கோட்பாடு எதுவும் இல்லை. திரைமொழி என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. கொட்டகையிலிருந்து வெளியே வந்து வெற்றிலை போட்டுக்கொண்டே நண்பனிடம் சொல்லும் கிண்டல் அது. ஆனால் ஒரு நுட்பமான கவனிப்பு அதற்குள் இருக்கிறது. பனைமரத்தையும் எருமையையும் பற்றிச் சொல்லும்போது, காமிரா உயிரோடு பிடித்தது எதை, பிடிக்கத் தவறியது எதை என்று ஒரு ரசிகன் கண்டுகொண்டுவிட்டான். மேடைக்கு உரிய பெரும் பாட்டும் அங்க அசைவும் திரையில் செத்துப்போகின்றன. இயல்பாக நிற்கும் மரமும் மாடும் உயிர் பெறுகின்றன. பின்னாளில் திரைப்பட அறிஞர்கள் பல பக்கங்களில் விளக்கிய வேறுபாட்டை அந்தக் கேலி போகிற போக்கில் தொட்டுவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த விமர்சனம் வெளியான பத்திரிகையின் உரிமையாளர் எஸ்.எஸ். வாசன். ஏழு ஆண்டுகள் கழித்து, 1942இல், அவருடைய ஜெமினி நிறுவனமே தண்டபாணி தேசிகரை வைத்து நந்தனாரைத் திரும்ப எடுத்தது. கல்கியும் வெளியே நின்று கேலி செய்பவராக மட்டும் இருந்துவிடவில்லை. 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமிக்கு அவர் கதை எழுதினார். படத்தின் புகைப்படங்களோடு அக்கதை விகடனில் தொடராக வந்தது. தேசிய இயக்கச் சார்பு காரணமாக அந்தப் படம் பிரிட்டிஷ் அரசால் தடை செய்யப்பட்டது. 1945இல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த மீராவுக்கும் கல்கியின் எழுத்து பங்களித்தது. ரசிகன் விமர்சகனாகி, விமர்சகன் படைப்பாளியாகி, தன் கேலிக்குத் தானே பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தான். அபிப்பிராயம் சொல்கிறவனுக்கு இதைவிட நல்ல தண்டனை இல்லை.

*

கல்கியிடம் பத்திரிகை இருந்தது. அதனால் அவருடைய அபிப்பிராயம் நமக்குக் கிடைத்தது. அதே பக்த நந்தனாரைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? ஒரு பெண் நந்தனாராக வந்ததையும், சேரி மனிதன் கோயிலுக்குள் நுழைய ஏங்கியதையும், கோயில் நுழைவு பற்றி நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் எந்த ஆவணத்திலும் எளிதில் கிடைப்பதில்லை.

பார்வையாளரைப் பற்றி அரசு கேட்காமல் இல்லை. 1927-28இல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியத் திரைப்பட விசாரணைக் குழு நாடெங்கும் சுற்றியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை அனுப்பியது; 353 பேரிடம் சாட்சியம் பெற்றது. அந்தச் சாட்சியத் தொகுதிகள் ஆய்வாளனுக்குப் புதையல்தான். ஆனால் அதில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், கொட்டகை முதலாளிகள், கல்வியாளர்கள், பிரமுகர்கள். 'பாமரர்கள் எதை விரும்புகிறார்கள்' என்று இவர்களிடம் கேட்கப்பட்டது. பாமரரை அழைத்துக் கேட்பது அரிதாகவே நடந்தது.

1944இல் வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று எல்லாத் திரை வரலாறுகளும் சொல்கின்றன. அத்தனை மாதங்கள் அந்தக் கொட்டகைக்குள் போய் வந்த மனிதர்கள் எவ்வளவு பேசியிருப்பார்கள்! பாகவதர் கண்ணை உருட்டியதைப் பற்றி, பெற்றோரைத் துரத்திய மகன் திருந்தியதைப் பற்றி, தங்கள் வீட்டு மகன்களைப் பற்றி. ஓடிய நாட்களின் எண்ணிக்கை நமக்கு இருக்கிறது. பேசிய பேச்சு இல்லை. தமிழ் சினிமாவின் வரலாறு இதுவரை பெரும்பாலும் எடுத்தவர்களின் வரலாறாகவும் ஓட்டியவர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1950களிலிருந்து ரசிகர் மன்றங்கள் பெருகின. 'ரசிகர்' என்ற சொல் இங்கேதான் திசை மாறுகிறது. குற்றாலத்து ரசிகர், பாட்டு எதிரில் இருந்தால் அது கம்பனுடையதே ஆனாலும் 'இது வேண்டாம்' என்று சொல்லத் தயங்காதவர். மன்றத்து ரசிகர், தம் நாயகனின் படம் என்றால் 'இது வேண்டாம்' என்று சொல்ல இயலாதவர். முன்னவருக்கு ரசனை என்பது தேர்வு. பின்னவருக்கு அது விசுவாசம். இப்படிச் சொல்வது சற்று முரட்டுத்தனமான பிரிவினை என்பதை அறிவேன். 1970களில் ராபர்ட் ஹார்ட்கிரேவும், 1980களில் மதுரையில் தங்கி ஆய்வு செய்து 1993இல் நூல் வெளியிட்ட சாரா டிக்கியும் மன்றத்து இளைஞர்களையும் நகர்ப்புற ஏழைகளையும் நேரில் சந்தித்து எழுதினார்கள். திரையை நம்பி ஏமாந்த கூட்டம் என்ற எளிய சித்திரம் அங்கே உடைந்தது. படத்தில் வருவது வாழ்க்கையில் நடக்காது என்பதைத் தெரிந்தே ரசித்தவர்கள் அவர்கள். நம்முடைய கொட்டகைப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதுதான் சங்கடமான செய்தி. தமிழ்த்துறைகளில் இருந்த நாங்கள் அந்த ஆண்டுகளில் சங்க இலக்கியத்தில் உவமைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

*

இனி, நான் இழந்தது.

என் பெரியப்பா தென்காசியில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதியவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். செங்கோட்டைப் பக்கத்து அறுவை மில்களிலிருந்து வரும் தடிகளின் கன அடியைக் கணக்கிடுவது அவர் வேலை. எதையும் பேரேட்டில் ஏற்றாமல் அவருக்குத் தூக்கம் வராது. பார்த்த படங்களையும் ஏற்றினார். தேதி, படத்தின் பெயர், டிக்கெட் விலை, கூட வந்தவர், கடைசியில் 'அபிப்பிராயம்' என்று ஒரு பத்தி. அதில் இரண்டு வரி, மிஞ்சினால் நான்கு வரி. அதற்கும் கீழே சில பதிவுகளில் 'இவள் சொன்னது' என்று பெரியம்மாவின் கருத்து. இருவர் கருத்தும் ஒத்துப்போவது அபூர்வம்.

இப்படி மூன்று நோட்டுகள் இருந்தன. முதுகலை படிக்கும்போது நான் அவற்றைப் புரட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். எழுத்துப்பிழைகள் நிறைய. அவர் காலமான பிறகு வீடு மாற்றும்போது இரண்டு நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. போட்டது வேறு யாரும் அல்ல, நானேதான். மூன்றாவது, அரிசிப் பெட்டிக்கு அடியில் இருந்ததால் தப்பியது. 1977 முதல் 1988 வரையிலான பதிவுகள் அதில் இருக்கின்றன.

1977இல் பதினாறு வயதினிலே. விகடன் அந்தப் படத்துக்கு 62.5 மதிப்பெண் கொடுத்தது தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் அறிந்த செய்தி. பெரியப்பா மதிப்பெண் போடவில்லை. சப்பாணி நடக்கும்போது கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறார். கமல்ஹாசனை அழகனாகவே பார்த்துப் பழகிய ஒரு கூட்டம், கோணி நடக்கும் அவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது என்ற அந்த ஒரு வரிச் செய்தியை எந்தத் திரை வரலாற்றிலும் நான் படித்ததில்லை.

1979இல் உதிரிப்பூக்கள். இங்கே எங்கள் ஜில்லாவின் இலக்கிய வரலாறும் குறுக்கிடுகிறது. புதுமைப்பித்தன் தம் கடைசி ஆண்டுகளில் சினிமாவை நம்பிப் போனவர். பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கி 'வசந்தவல்லி' என்றொரு படம் எடுக்க முயன்றார். வசந்தவல்லி, திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குற்றாலநாதர்மீது காதல் கொண்ட நாயகியின் பெயர். அந்த முயற்சி கைகூடவில்லை. தியாகராஜ பாகவதரின் ராஜமுக்தி படத்துக்காகப் புனே சென்றவர் நோயுற்றுத் திரும்பி, 1948 ஜூன் 30இல் மறைந்தார். அவர் உயிரோடு இருந்தபோது அவரை ஏமாற்றிய திரை, முப்பத்தோரு ஆண்டுகள் கழித்து அவருடைய 'சிற்றன்னை'யைத் தேடி வந்தது. மகேந்திரன் அதிலிருந்து எடுத்துக்கொண்டு விரித்ததுதான் உதிரிப்பூக்கள்.

இந்தக் குறுநாவலையும் படத்தையும் ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தபோது, பெரியப்பாவிடம் படம் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். புதுமைப்பித்தனை அவர் படித்ததில்லை. படத்தின் முடிவில் ஊரார் சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றுக்குள் இறங்கவைக்கிறார்கள். நல்லவர்களாக இருந்த ஊராரையும் தன்னைப் போல் ஆக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டு அவன் தண்ணீருக்குள் போகிறான். கரையில் அவன் பிள்ளைகள். அறத்தின் சிக்கல், வன்முறையின் கூட்டுப் பொறுப்பு என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் சரிதாம்ல. அன்னைக்கு ராத்திரி அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யாரு? அதைச் சொல்லு."

எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டுரையில் அந்தக் கேள்வியை நான் சேர்க்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் அடிக்குறிப்பாகக்கூடப் போட முடியாத கேள்வி என்று அன்று நினைத்தேன். இன்று அந்தக் கட்டுரையில் எனக்கு எதுவும் நினைவில் இல்லை. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது. நோட்டில் தேடிப் பார்த்தேன். படம் பார்த்த அன்றே அதை எழுதியிருக்கிறார். கீழே 'இவள் சொன்னது: ஊர்ப் பொம்பளைங்க ஒருத்தி கூடவா தடுக்கலை?'

*

தொலைக்காட்சி எங்கள் தெருவுக்கு 1980களின் நடுப்பகுதியில் வந்தது. 1987 ஜனவரியில் ராமானந்த் சாகரின் ராமாயணம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இந்தி தெரிந்தவர் தெருவில் எவரும் இல்லை. ஆனாலும் தொலைக்காட்சி இருந்த வீட்டுத் திண்ணை நிரம்பி வழிந்தது. கதை தெரியும், ஆகவே மொழி தேவைப்படவில்லை. சிறுவனாக நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள்.

பெரியப்பாவின் நோட்டில் இதற்கும் பதிவு இருக்கிறது. ராமர் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார், காட்டுக்குப் போகச் சொல்லும்போதும் சிரிக்கிறார், இது நமக்குச் சரியாகப் படவில்லை என்று எழுதியிருக்கிறார். முதலில் படித்தபோது இதை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து வகுப்பில் சுந்தர காண்டம் நடத்திக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. அசோகவனத்தில் சீதை இராமனின் முகத்தை நினைக்கும் இடம். முடிசூட்டிக்கொள் என்றபோதும், அதைத் துறந்து காட்டுக்குப் போ என்றபோதும் அந்த முகம் ஓவியத்தில் எழுதிய தாமரையைப் போல் ஒரே நிலையில் இருந்ததாம். ஓவியத் தாமரை கூம்புவதும் இல்லை, மேலும் விரிவதும் இல்லை. கம்பன் காட்டுவது மலர்ச்சி குன்றாத ஒரு நிலைபேறு. தொலைக்காட்சி காட்டியதோ ஒரு புன்னகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, கம்பனைப் பாடமாகப் படிக்காத ஒரு கணக்கரின் கண்ணில் உறுத்தியிருக்கிறது. எப்படி உறுத்தியது? பாவைக்கூத்திலும் கோயில் கதாகாலட்சேபத்திலும் அவர் கேட்டு வளர்ந்த இராமன் வேறு ஒருவனாக இருந்ததால்தான். அந்த ஒரு வரி அபிப்பிராயம், எங்கள் பகுதியில் கம்பன் ஏட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் இறங்கியிருந்தான் என்பதற்கு ஒரு சான்று. வரலாற்றாசிரியன் இதைவிட நல்ல சான்றை எங்கே போய்த் தேடுவான்?

டி.கே.சி.யும் இதைத்தானே செய்தார் என்று எனக்குத் தோன்றியது. 'இது கம்பன் இல்லை' என்று அவர் காது சொன்னது. 'இது நம்ம ராமர் இல்லை' என்று பெரியப்பாவின் கண் சொன்னது. ஒருவர் ரசிகமணி. மற்றவருக்குப் பட்டம் இல்லை. அவ்வளவே.

1999இல் சன் தொலைக்காட்சியில் சித்தி தொடங்கியபோது பெரியப்பாவின் நோட்டு நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியம்மா நாள் தவறாமல் பார்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்களோடு அடுத்த நாள் காலை தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அந்தக் கதை மறுபடியும் நடந்தது. மாமியார் செய்தது சரியா, அந்த இடத்தில் நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய், உன் மருமகள் என்ன சொன்னாள். தொடரைப் பேசுவது போல் தங்கள் வீட்டைப் பேசினார்கள். நேரடியாகச் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. தொலைக்காட்சித் தொடர்கள் பெண்களைக் கெடுக்கின்றன என்று அந்நாட்களில் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிக்கப்பட்டது. நானும் ஒன்று வாசித்திருக்கிறேன். தண்ணீர்க் குழாயடிக்குப் போய் ஒருநாள் நின்று கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். 'இவள் சொன்னது' என்று குறித்துவைக்கப் பெரியப்பாவுக்குத் தோன்றியது, பட்டம் பெற்ற எனக்குத் தோன்றவில்லை.

*

ரசிகனின் அபிப்பிராயத்தைப் புனிதமாக்குவது என் நோக்கமன்று. அதில் குறைகள் ஏராளம். டி.கே.சி.யின் காது, தனக்குப் பிடிக்காத நல்ல பாட்டுகளையும் வெளியே தள்ளியது. கல்கியின் கேலி, சுந்தராம்பாள் என்ற பெருங்கலைஞரின் குரலுக்கு அந்த இடத்தில் நியாயம் செய்யவில்லை என்று வாதிடலாம். பெரியப்பாவுக்குச் சோகப் படங்கள் என்றால் ஆகாது. எவ்வளவு நல்ல படமானாலும் அழவைத்தால் அவர் கணக்கில் நஷ்டம்தான். ஆனால் மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. எதிரில் இருந்த பாட்டைப் பற்றி, படத்தைப் பற்றிப் பேசினார்கள். மறுத்துப் பேச ஒரு மனிதர் பக்கத்தில் இருந்தார். வட்டத்தொட்டி நண்பர்கள், விகடன் வாசகர்கள், பெரியம்மா.

இன்று அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. படம் முடிந்து விளக்கு எரிவதற்குள் கொட்டகை வாசலில் கைபேசியை நீட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். தரை டிக்கெட்டுக்காரரின் குரல் முதன்முறையாகப் பதிவாகிறது என்று ஒரு வரலாற்று மாணவன் மகிழத்தான் வேண்டும். ஆனால் காமிராவைக் கண்டதும் பேச்சு மாறிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. பிடிக்கவில்லை என்றால் நாயகனின் படை திரண்டு வரும் என்ற அச்சம் வேறு.

தென்காசியிலிருந்து சிறிது தூரத்தில் சுந்தரபாண்டியபுரம் இருக்கிறது. ரோஜா படத்தின் நாயகிக்கு அதுதான் ஊர். 2005இல் வந்த அந்நியன் படத்தின் ஒரு பாட்டுக்காக அங்கே வீடுகளுக்கும் பாறைகளுக்கும் வண்ணம் பூசினார்கள். பாறையில் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல் முகங்களை வரைந்தார்கள். சாரல் காலத்தில் மாணவர்களோடு ஒருமுறை அங்கே போயிருந்தேன். வெயிலிலும் மழையிலும் நிறம் மங்கிப்போயிருந்த முகங்களுக்கு முன்னால் நின்று பையன்கள் யார் பெரிய நடிகர் என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். ஒரு மாணவி மட்டும் தள்ளி நின்று, 'சார், இந்தப் பாறை வெறும் பாறையா இருந்தப்ப எப்படி இருந்திருக்கும்?' என்று கேட்டாள்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதைக் குறித்துக்கொண்டேன். தேதி, இடம், கூட வந்தவர்கள், கடைசியில் 'இவள் சொன்னது'.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ அரிசிப் பெட்டிக்கு அடியிலோ இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். அப்பாவின் டைரியில் சினிமா பார்த்த நாளில் ஒரு வரி கூடுதலாக இருக்கலாம். அத்தை எழுதிய கடிதத்தில் ஒரு படத்தின் கதை பாதிப் பக்கத்துக்கு வந்திருக்கலாம். எழுத்துப்பிழைகளைப் பார்த்துச் சிரியுங்கள், தவறில்லை. பேப்பர் கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.